கம்பளை லயத்துக்குப் போய் வந்தோம்

(பூனாகலையில் நடந்த மாதர், இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் போயா விடுமுறையில் ஒரு பஸ் பிடித்துக்கொண்டு கம்பளைப் பக்கம் போனோம். பிள்ளைகள் 22 பேர், பெரியவர்கள் 14 பேர். "நூதனசாலை பார்க்கவா சந்தாக் காசு?" என்று சிலர் கேட்டதாகக் காதுக்கு வந்தது. முதலில் அந்தக் கணக்கைச் சொல்லிவிடுகிறோம். சந்தாவிலிருந்து ஒரு சதமும் எடுக்கவில்லை. பாதி நாங்கள் தலைக்கு இவ்வளவு என்று போட்டது. மீதி இரண்டு கடைக்காரரும், கொழும்பில் வேலை செய்யும் நம்ம பிள்ளைகள் சிலரும் கொடுத்தது. பற்றுச்சீட்டு செயலாளரிடம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இந்தப் பயணம் தொடங்கிய கதை வேடிக்கையானது. பண்டாரவளைக்கு ஓடுகிற முச்சக்கர வண்டிகளின் பின்பக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். பாதி வண்டியில் சாமி படம், பாதி வண்டியில் சடைமுடியோடு சிரிக்கிற ஒரு மனிதரின் படம். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று நிறப் பட்டி. ஏழாம் ஆண்டுப் பையன் ஒருத்தன் எங்களிடம் கேட்டான்: "டீச்சர், இந்தச் சாமியாருக்கு எங்க கோயில் இருக்கு?"

சிரித்துவிட்டோம். பிறகு யோசித்தால், அவன் கேட்டதில் தப்பில்லை. அந்த ஆளுக்கு ஒரு கோயில் மாதிரி இடம் இருக்கத்தான் செய்கிறது. பொப் மார்லி என்று பெயர். ஜமைக்கா தீவுக்காரர். ரேகே என்கிற பாட்டு முறையை உலகமெல்லாம் கொண்டுபோனவர். 1945இல் நைன் மைல் என்ற மலைக் கிராமத்தில் பிறந்து, 1981இல் 36 வயதில் புற்றுநோயால் செத்துப்போனார். கிங்ஸ்டன் நகரத்தில் ஹோப் வீதி 56ஆம் இலக்கத்தில் அவர் இருந்த வீட்டை அவருடைய மனைவி 1986இல் நூதனசாலை ஆக்கினார். 1976 டிசம்பரில், தேர்தலுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, துப்பாக்கிக்காரர்கள் அந்த வீட்டுக்குள் புகுந்து அவரையும் மனைவியையும் மனேஜரையும் சுட்டார்கள். யாரும் சாகவில்லை. காயத்தோடேயே இரண்டு நாள் கழித்து மேடையேறிப் பாடினார். சுவரில் குண்டு துளைத்த ஓட்டைகளைப் பூசி மறைக்காமல் அப்படியே வைத்திருக்கிறார்கள். வருகிறவர்கள் அந்த ஓட்டையைத்தான் முதலில் பார்க்கிறார்களாம்.

அவரோடு ஒரே குழுவில் பாடிய பீற்றர் ரோஷ் என்பவருக்கும் 2016இல் அதே நகரத்தில் ஒரு நூதனசாலை திறந்தார்கள். இவர் இன்னும் காரமான ஆள். 1978இல் சமாதானத்துக்கென்று ஒரு பெரிய கச்சேரி நடந்தது. பிரதமரும் எதிர்க்கட்சித் தலைவரும் முன்னால் உட்கார்ந்திருக்க, பாட்டை நிறுத்திவிட்டு ஏழைகளைப் பொலிஸ் நடத்துகிற விதத்தைப் பற்றி முகத்துக்கு நேரே பேசினார். சில மாதத்தில் பொலிஸ்காரர்களே அவரைப் பிடித்து அடித்து நொறுக்கினார்கள்.

இதையெல்லாம் வகுப்பில் சொன்னோம். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். அந்தப் பையன் அடுத்த கேள்வி கேட்டான். "நம்ம ஆளுங்கள்ல இப்படிப் பாடுனவங்க இல்லையா, டீச்சர்? அவங்க வீடு எங்க இருக்கு?"

அந்தக் கேள்விக்காகத்தான் பஸ் பிடித்தோம்.

பஸ்ஸில் போகும்போது பிள்ளைகளுக்குச் சொன்ன இன்னொரு விசயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். ஜமைக்காவும் தோட்ட நாடுதான். வெள்ளைக்காரர்கள் ஆபிரிக்காவிலிருந்து ஆட்களைப் பிடித்து வந்து கரும்பிலும் கோப்பியிலும் அடிமைகளாக வேலை வாங்கினார்கள். 1834இல் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் அமுலுக்கு வந்தது, 1838இல் முழு விடுதலை. விடுதலையான சனம் துரைமாருக்கு உழைக்க மறுத்தது. அங்கே கோப்பி விழுந்தது, இங்கே இலங்கையில் கோப்பி எழுந்தது. 1837இல் டைட்லர் என்றொரு துரை இலங்கைக்கு வந்தார். ஜமைக்காத் தோட்டத்தில் வேலை பழகியவர். கோப்பியை எப்படி நட வேண்டும், எப்படி வெட்ட வேண்டும், ஆளை எப்படி வேலை வாங்க வேண்டும் என்ற அந்த ஊர்ப் பழக்கத்தை இங்கே கொண்டுவந்தவர் அவர்தான். அங்கே அடிமை போனபோது, இங்கே திருச்சி, சேலம், மதுரைப் பக்கத்திலிருந்து நம்ம பாட்டன் பூட்டன் வந்தார்கள். 1845 முதல் ஜமைக்காவுக்கும் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றினார்கள். மார்லியின் அப்பா ஒரு வெள்ளைக்காரர், தோட்ட மேற்பார்வை வேலை பார்த்தவர். அம்மா அந்தக் கிராமத்துக் கறுப்புப் பெண். அப்பா பிள்ளையோடு இருந்து வளர்க்கவில்லை. இப்படிப்பட்ட கதை நம்ம தோட்டங்களிலும் எத்தனை இருக்கிறது என்று இங்கே இருக்கும் வயசானவர்களுக்குத் தெரியும். ஆக, முச்சக்கர வண்டியில் ஒட்டியிருக்கிற அந்த ஆள் நமக்கு அந்நியர் இல்லை.

விடிகாலை நாலு மணிக்குப் புறப்பட்டோம். பண்டாரவளை, வெலிமடை, நுவரெலியா. இறம்பொடை வளைவுகளில் நாலைந்து பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள், அதைப் பெரிதாகச் சொல்ல வேண்டியதில்லை. புசல்லாவை தாண்டிக் கீழே இறங்கினால் கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டம். அங்கேதான் தேயிலைத் தொழிலாளர் நூதனசாலை இருக்கிறது. கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007இல் அமைத்தது. கம்பளையில் அது இருப்பதும் பொருத்தம்தான். 1820களில் இந்த நாட்டின் முதல் பெரிய கோப்பித் தோட்டம் போடப்பட்டது கம்பளை சின்னப்பிட்டியவில்தான்.

மண்டபம், கண்ணாடிச் சுவர் என்று நினைத்துக்கொண்டு போனவர்கள் ஏமாந்து போனார்கள். அது ஒரு லயம். பழைய லயக் காம்பராக்களைத் திருத்தி, அதற்குள்ளேயே சாமான்களை வைத்திருக்கிறார்கள். மண்வெட்டி, முள்ளு, கவ்வாத்துக் கத்தி, கொழுந்துக் கூடை, அடுப்படிச் சாமான், பெண்கள் போட்ட நகை, பழைய படங்கள், பழைய காகிதங்கள், வாத்தியங்கள்.

எங்களோடு 74 வயது அம்மாயி ஒருவர் வந்தார். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 50 வருசம் கொழுந்து எடுத்த கை. அவர் காம்பராவுக்குள் போய் நின்றார், சுற்றிப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். பிறகு சத்தமாகச் சொன்னார்: "இதப் பாக்கவா விடிய நாலு மணிக்கு எழுப்புனீங்க? எங்க வீட்டுக்கு வந்திருந்தா தேத்தண்ணியும் குடுத்திருப்பேனே!"

எல்லோரும் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. வேறு நாட்டில் அந்தக் காலத்தை நூதனசாலைக்குள் வைத்துப் பூட்டியிருப்பார்கள். நாம் நூதனசாலையைப் பார்த்துவிட்டு பஸ் ஏறி அதே மாதிரிக் காம்பராவுக்குத் திரும்பி வருகிறோம். பத்தடிக்குப் பன்னிரண்டடி, ஓர் இஸ்தோப்பு, ஒழுகுகிற தகரம். வீட்டுரிமை, காணியுரிமை என்று சங்கத்தில் நாம் எழுதாத மகஜர் இல்லை. ஆனால் அம்மாயியின் அந்த ஒரு வசனத்தைப் போல எந்த மகஜரும் இல்லை. அடுத்த மகஜரில் அதையே எழுதலாம் என்று செயலாளர் சொல்கிறார். எழுதட்டும்.

கண்டி ஹந்தானையில் இன்னொரு நூதனசாலை இருப்பது உங்களுக்குத் தெரியும், பள்ளிக்கூடச் சுற்றுலாவில் அங்கேதான் கூட்டிப்போவார்கள். பழைய தேயிலை ஸ்டோர் ஒன்றுக்குள் உருளை, இயந்திரம், துரைமார் பாவித்த சாமான் என்று அழகாக வைத்திருக்கிறார்கள். அதுவும் பார்க்க வேண்டியதுதான். இந்தப் பக்கம் தம்பேதன்னை மலை உச்சியில் லிப்டன் துரை வெண்கலச் சிலையாக உட்கார்ந்திருக்கிறார். 1890இல் தோட்டம் வாங்கியவர். அவரோடு படம் எடுக்க உலகத்து ஆட்கள் எல்லாம் வருகிறார்கள். அவர் பார்த்துக்கொண்டிருக்கும் மலையைக் காடு வெட்டித் தேயிலையாக்கியவர்களுடைய பெயர் ஒன்றுகூட அங்கே இல்லை. கம்பளை லயத்தில் இருப்பது அந்த ஆட்களின் சாமான். அந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள், நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை.

இப்போது அந்தப் பையனின் கேள்விக்கு வருகிறோம். நம்ம ஆட்களில் பாடியவர் யார்?

மீனாட்சி அம்மாள். இந்தப் பெயரை இங்கே எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள், கை தூக்குங்கள். மூன்று பேர். பரவாயில்லை, கூட்டத்துக்கு வருவதற்கு முன் எங்கள் பிள்ளைகளில் ஒருவருக்கும் தெரியாது.

கோ. நடேசய்யரைத் தெரியும். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து இந்த மலையில் முதல் தொழிற்சங்கத்தைக் கட்டியவர். அந்தக் காலத்தில் தோட்டம் என்றால் துரையின் சொந்தக் காணி. வெளியாள் உள்ளே வந்தால் அத்துமீறல் வழக்கு. சங்கக்காரன் எப்படி வருவான்? புடவை வியாபாரி மாதிரி மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடேசய்யர் லயத்துக்கு வந்தார் என்று சாரல் நாடன் எழுதிய வரலாற்றில் படிக்கிறோம். 1931இல் அட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். 1936 முதல் அட்டன் தொகுதிக்கு அரசாங்க சபையில் இருந்தார். 1947இல் காலமானார்.

அவருடைய மனைவிதான் மீனாட்சி அம்மாள். மனைவி என்று மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். பத்திரிகை வேலையில் அவர் கை இருந்தது. கூட்டம் என்றால் முதலில் அவர் பாடுவார். சனம் அந்தக் காலத்தில் எழுதப் படிக்கத் தெரியாத சனம். பேச்சுக் கேட்க வா என்றால் பயப்படும். கங்காணி பார்ப்பான், பற்றுச்சீட்டுக் கிடைக்கும் என்ற பயம். பாட்டுக் கேட்டால் வரும். எல்லோருக்கும் தெரிந்த மெட்டில், சம்பளம், கடன், கங்காணி, துரை என்று நம்ம வாழ்க்கையை வைத்துப் பாடினார். அந்தப் பாட்டுகளைச் சின்னச் சின்னப் புத்தகமாக அச்சடித்தும் பரப்பினார்கள். 1939இல் அரசாங்கத்தில் தினச் சம்பளத்துக்கு வேலை செய்த இந்தியர்களை வெளியேற்றத் தொடங்கிய நேரம். அதற்கடுத்த வருசம் இலங்கையில் இந்தியர்களுடைய நிலைமையைப் பற்றியே அவர் ஒரு பாட்டுப் புத்தகம் வெளியிட்டார்.

அந்த வருசத்தை நினைத்துப் பாருங்கள். 1940 ஜனவரி 10. ஹேவாஹெட்டை முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சுட்டு கோவிந்தன் செத்தார். அதே வருசம் நம்ம ஊவாவில், பதுளை வேவெஸ்ஸ தோட்டத்தில் சமசமாஜத் தோழர்களுடைய சங்கத்தில் நின்று பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ஒவ்வொரு மலையும் புகைந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் ஒரு பெண் மேடையில் ஏறிப் பாடினார். இன்றைக்கு நம்ம சங்கக் கூட்டத்தில் மேடையில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்று பாருங்கள். எண்ண வேண்டாம், இரண்டு பேர். ஒருத்தர் குத்துவிளக்கு ஏற்ற வந்தவர்.

மார்லியுடைய குரலைப் போனில் தட்டினால் கேட்கலாம். மீனாட்சி அம்மாளின் குரலை நாங்கள் கேட்டதே இல்லை. அச்சில் இருக்கிற எழுத்துத்தான் இருக்கிறது. அவர் எந்த இடத்தில் இழுத்தார், எங்கே நிறுத்தினார், சனம் எங்கே கூடப் பாடியது என்பது அவரோடு போய்விட்டது. போய்ப் பார்க்க ஹோப் வீதி மாதிரி ஒரு வீடும் நமக்கு இல்லை. பையனுக்கு அதைத்தான் சொன்னோம். அவனுக்குத் திருப்தியில்லை. எங்களுக்கும் இல்லை.

தோட்டத்துப் பாட்டைச் சேர்த்து வைக்க வேண்டும் என்று கவலைப்பட்டவர் ஒருவர் இருந்தார். சி. வி. வேலுப்பிள்ளை. மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்தவர். 1947 தேர்தலில் தலவாக்கலையில் வென்று பாராளுமன்றம் போனார். நம்ம ஆட்கள் ஏழு பேர் அந்தத் தேர்தலில் வென்றார்கள். அடுத்த வருசமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, பிறகு வாக்கும் போனது. அந்த அரசியலுக்கு நடுவில் அந்த மனிதர் லயம் லயமாகப் போய்ப் பாட்டுக் கேட்டு எழுதி வைத்தார். தாலாட்டு, ஒப்பாரி, கொழுந்து மலைப் பாட்டு, கங்காணியைத் திட்டுகிற பாட்டு. அந்தத் தொகுப்பு இல்லாவிட்டால் நம்ம பாட்டிகள் பாடியதில் பாதி இன்றைக்குத் தெரியாது. ஆனால் அவர் ஊவாவில் எல்லா மலைக்கும் வந்திருக்க முடியாது. பூனாகலைப் பாட்டு பூனாகலை ஆட்களுடைய தலைக்குள்தான் இருக்கிறது.

நூதனசாலையில் நடந்த இன்னொன்றைச் சொல்ல வேண்டும். சொல்லலாமா என்று யோசித்தோம். சம்பந்தப்பட்ட அண்ணனே சொல்லச் சொன்னார்.

வாத்தியங்கள் இருந்த இடத்தில் தப்பு இருந்தது. எங்களோடு வந்த அண்ணன் ஒருவர் அதற்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். அவருடைய அப்பா தோட்டத்தில் தப்படித்தவர். அண்ணன் தப்பைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்து 20 வருசமாகிறது. பிள்ளைகள் கேட்கவும் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் மணிக்கூடு இல்லை. விடிய இருட்டோடு தப்பு அடித்தால்தான் சனம் எழும்பிப் பெரட்டுக்குப் போகும். பெரட்டு அடிக்கு ஒரு தாளம், சாவுக்கு ஒரு தாளம், கரகத்துக்கு வேறு, காமன் கூத்துக்கு வேறு. காட்டில் ஆள் காணாமல் போனாலும் தப்புத்தான். தூரத்து டிவிசனில் இருக்கிறவன் சத்தத்தைக் கேட்டே என்ன நடந்தது என்று சொல்லிவிடுவான். இவ்வளவையும் மேசையில் விரலால் தட்டிக் காட்டினார். அந்த 20 வருசத்தில் விரல் எதையும் மறக்கவில்லை.

பிறகு ஒரு பிள்ளை கேட்டது: "ஏன் மாமா விட்டீங்க?"

அவர் சொன்னார்: "அடிக்கிறப்ப கூப்பிடுவாங்க. சாப்பிடுறப்ப வெளிய நிக்கச் சொல்லுவாங்க."

அந்த இடத்தில் எங்களுக்குப் பதில் இல்லை. இந்தக் கூட்டத்திலும் பதில் இருக்கிறதா என்று தெரியவில்லை. நாம் துரையிடம் சம உரிமை கேட்கிறவர்கள். எல்லோர் வீட்டுச் சாவுக்கும் அந்தக் குடும்பம் வந்து அடித்தது. அவர்களுடைய இஸ்தோப்பில் நம்மில் எத்தனை பேர் உட்கார்ந்து தண்ணி குடித்தோம்? சில வருசத்துக்கு முன் ஒரு பள்ளிக்கூடக் கலைவிழாவில் பிள்ளைகள் தப்பு ஆட வேண்டும் என்றபோது, "மேடையில் அதெல்லாம் எதற்கு" என்று சொன்னவர்கள் வெளியாட்கள் இல்லை. நம்ம ஆட்கள். ஜமைக்காவிலும் ரஸ்தபாரிக்காரர்களை முதலில் சொந்த ஊர்க்காரர்களே அழுக்கர்கள் என்று ஒதுக்கினார்கள், பொலிஸ் பிடித்துச் சடையை வெட்டியது. மார்லி உலகத்தில் பெரிய ஆளான பிறகுதான் எல்லோரும் அந்த மூன்று நிறத்தைப் போட்டுக்கொண்டார்கள். தப்பைப் பற்றி எங்கள் எண்ணம் இதுதான்: அந்தச் சத்தம் வேண்டும். ஆனால் அடி என்று எந்தக் குடும்பத்துக்கும் யாரும் கட்டளை போடக் கூடாது. அடிக்க விரும்புகிறவர், எந்த வீட்டுப் பிள்ளையானாலும், பழகட்டும். அடித்தவர்தான் பந்தியில் முதலில் உட்கார வேண்டும். இதில் கருத்து வேறுபாடு இருப்பவர்கள் கூட்டம் முடிந்து முணுமுணுக்காமல் இங்கேயே எழும்பிப் பேசலாம்.

காகிதங்களைப் பற்றிப் பேசாமல் இறங்க முடியாது.

கம்பளை லயத்தில் பழைய காகிதங்களைப் பார்த்தபோது நமக்கெல்லாம் வேறு ஞாபகம் வந்தது. ஒரு காலத்தில் துண்டு என்ற காகிதம் இல்லாமல் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு ஆள் போக முடியாது. உன் தலையில் எவ்வளவு கடன் என்று அதில் எழுதியிருக்கும். 1921இல்தான் அதை ஒழித்தார்கள். பிறகு 1948க்குப் பின் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்தபோது, இங்கேதான் பிறந்தோம் என்பதற்குக் காகிதம் கொண்டுவா என்றார்கள். லயத்தில் பிறந்தவனிடம் ஏது காகிதம்? 1964 ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று இரண்டு பிரதமர்கள் பிரித்தார்கள். அந்தப் பிரிப்பில் அண்ணன் அங்கே, தங்கச்சி இங்கே என்று பிரிந்த வீடு இந்தத் தோட்டத்திலேயே எத்தனை. காகிதம் நம்ம சனத்துக்கு எப்போதும் உயிர்ப் பிரச்சினை.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மீரியபெத்தையில் மலை இறங்கியது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன நேரம். அதனால் பல பிள்ளைகள் தப்பினார்கள், அம்மா அப்பா இல்லாமல். முதல் நாட்களில் எத்தனை பேர் போனார்கள் என்று ஒரே கணக்கை யாராலும் சொல்ல முடியவில்லை. யார் எந்தக் காம்பராவில் இருந்தார்கள் என்பதை நாம் வாயால் சொல்லித்தான் தேடினார்கள். 2023 மார்ச்சில் நம்ம கபரகலையில் மண் சரிந்து லயங்களை மூடியது. அடுத்த நாள் ஓர் அம்மா சேற்றுக்குள் கையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தார். நகையா என்று கேட்டோம். "டிரங்குப் பெட்டி. மாமனாரோட பிரஜாவுரிமைத் துண்டு, பிள்ளைங்க பொறப்புச் சேட்டிபிக்கட், இவரோட சேமலாப நிதிக் கார்ட் எல்லாம் அதுலதான்" என்றார். பெட்டி கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் ஒவ்வொரு கந்தோராக ஏறி இறங்கிய கதையை அவரே இந்தக் கூட்டத்தில் இன்னொரு நாள் சொல்வார்.

ஜமைக்காவில் குண்டு துளைத்த சுவரை வைத்திருக்கிறார்கள். நம்ம சுவர் மண்ணுக்குள்ளே போய்விட்டது.

அதனால் பஸ்ஸில் திரும்பி வரும்போதே இரண்டு காரியம் பேசினோம். இறம்பொடையில் மழை, வண்டி ஊர்ந்துகொண்டு போனது, பேச நேரம் இருந்தது.

முதல் காரியம் காகிதம். இளைஞர் பிரிவில் ஆறு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த போயா தினம் காலை எட்டு மணி முதல் பிள்ளைமடுவத்தில் இருப்பார்கள். வீட்டிலுள்ள பழைய காகிதம் எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள். பிறப்பு, இறப்பு, விவாகப் பத்திரம், பிரஜாவுரிமைக் காகிதம், பழைய கடவுச்சீட்டு, சம்பளத் துண்டு, சங்கச் சந்தா ரிசீட், இந்தியாவிலிருந்து வந்த கடிதம், பழைய படம். போனில் தெளிவாகப் படம் எடுத்து, ஒரு பிரதி உங்களிடமே உள்ள போனிலும், ஒரு பிரதி வெளியே பாதுகாப்பான ஓர் இடத்திலும் வைப்பார்கள். மூலக் காகிதத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள். எங்களிடமும் கொடுக்காதீர்கள். படம் எடுத்த கையோடு வாங்கிக்கொண்டு போங்கள். அடையாள அட்டை இலக்கம் தெரிகிற படத்தை வாட்ஸப்பில் போட்டுச் சுற்ற விடக் கூடாது என்று பையன்களுக்குச் சொல்லியிருக்கிறோம், நீங்களும் ஒருதரம் சொல்லுங்கள்.

இரண்டாவது பாட்டு. அம்மாயி பஸ்ஸில் ஒன்றுக்குப் பின் ஒன்றாக ஒன்பது பாட்டுப் பாடினார். அவருக்கே ஆச்சரியம். மலையில் நிரை பிடித்துக்கொண்டு கொழுந்து எடுத்தபோது எதிர் நிரைக்குப் பதில் சொல்லுகிற பாட்டாம். ஒரு பாட்டில் ஒரு பழைய கணக்கப்பிள்ளையின் பெயர் வருகிறது. அந்த மனிதர் றாத்தல் வெட்டிய கணக்கு வருகிறது. அவருடைய பேரப்பிள்ளைகள் இங்கேயே இருக்கிறார்கள் என்பதால் அந்தப் பெயரை இங்கே சொல்லவில்லை! ஐந்து பாட்டை ஒரு பிள்ளை போனில் பதிந்தது. பிறகு சார்ஜ் போய்விட்டது. மீதி நாலைத் திரும்பப் பாடச் சொன்னால், "கொழுந்தெடுக்கிற கை ஆடுனாத்தான் வரும்" என்கிறார். ஆகவே அடுத்த ஞாயிறு அவரை மலைக்கே கூட்டிப்போகிறோம். உங்கள் வீட்டில் பாடத் தெரிந்த பாட்டி இருந்தால் சொல்லுங்கள். சாவு வீட்டில் ஒப்பாரி பாடுகிறவர்களைச் சாவு வீட்டில் போய்ப் பதிய வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். அவர்கள் மனம் வந்து பாடும்போது போதும்.

இதையெல்லாம் எங்கே வைப்பது என்ற கேள்வி இருக்கிறது. தோட்டத்தில் பூட்டிக் கிடக்கிற பழைய காம்பரா ஒன்றைக் கேட்டு நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை. ஒழுகாத காம்பராவாக இருந்தால் முதலில் அதில் ஆட்களைத்தான் குடியேற்ற வேண்டும் என்று ஒரு தோழர் சொன்னார். அவர் சொன்னது நியாயம். அதனால் கடிதத்தில் இரண்டையும் எழுதியிருக்கிறோம்: ஒழுகாத வீடு சனத்துக்கு, ஒழுகுகிற காம்பராவைத் தந்தால் தகரம் நாங்களே மாற்றிக்கொள்கிறோம்.

கடைசியாக, போயா தினம் பின்னேரம் அந்த அண்ணன் வருகிறார். 20 வருசத்துக்குப் பிறகு. யாரும் கூப்பிடவில்லை, அவராகவே கேட்டார். அப்பாவுடைய தப்பு பரணில்தான் இருந்ததாம், தோல் மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. பழக விரும்பும் பிள்ளைகள் ஐந்து பேர், அதில் இரண்டு பெண் பிள்ளைகள், பெயர் கொடுத்திருக்கிறார்கள். சாப்பாடு எல்லோருக்கும் ஒரே பந்தி, ஒரே கோப்பை. இந்த மழைக் காலத்தில் தோல் தொய்ந்துவிடும், அடிப்பதற்கு முன் நெருப்பில் காட்டிக் காய்ச்ச வேண்டும் என்கிறார். காய்ந்த விறகு உள்ளவர்கள் ஒரு கட்டு கொண்டுவாருங்கள்.